நான் படிக்காமல் விட்ட நான்கு வரிகள்

மகனே,

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உன் கம்ப்யூட்டரையே படிக்கச் சொல். அதற்காகத்தான் இந்த அறுபத்து மூன்று வயதில் ஒற்றை விரலால் தமிழ் அடித்துக்கொண்டிருக்கிறேன். நம் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் டிசைன் செய்கிற பாண்டியம்மாதான் மூன்று வாரமாகச் சொல்லித் தருகிறாள். "அண்ணாச்சி, அங்கன இல்ல, இங்கன அமுக்குங்க" என்று அவள் சொல்லிக் களைத்துப் போனாள். நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்கிய எனக்கு ஐந்து வரி அடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டுகிறது. ஆனாலும் இதை அவளிடம் சொல்லி அடிக்க வைக்க முடியாது. அவளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அடிக்கிறேன்.

போன வாரம் ஒன்று அனுப்பினேனே, அதுவும் இந்தக் கடிதம்தான். லேபிளுக்குப் போடுகிற பழைய எழுத்திலேயே அடித்து அனுப்பிவிட்டேன். நீ போன் செய்து, "என்னமோ அனுப்பியிருக்கீங்கப்பா, மிஷின் சம்பந்தமில்லாம இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டுது. யூனிகோடுல அடிச்சு அனுப்புங்க" என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தப்பித்தோம் என்று தோன்றியது. இரண்டு நாள் அந்த நிம்மதியிலேயே இருந்தேன். உனக்கு உண்மையைச் சொல்ல உட்கார்ந்தவன், அது உன்னிடம் போய்ச் சேரவில்லை என்றதும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட ஆள்தான் உன் அப்பா. அதையும் தெரிந்துகொண்டே மேலே படி.

தை மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயரைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். சென்னையில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள், விடுதியில் கூடப் படித்தவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். மதுரையில் உன்னை இன்டர்வியூ செய்த சார் பெயர் மட்டும் வரவில்லை. "அந்தக் கம்ப்யூட்டர் சாருக்கு ஒண்ணு வைக்கணும்லாலே?" என்று நானே கேட்டேன். நீ, "அவருக்கு எதுக்குப்பா? எடம் குடுத்தாரு, சரி. நான் போகலைன்னதும் ஏம்ல வரலைன்னு ஒரு வரி எழுதிக் கேட்டாரா? அவருக்கு நான் எத்தனையோ பேர்ல ஒருத்தன்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. பழைய வலி ஒன்று ஆறாமல் கிடந்தது. நான் "சரிலே" என்று போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "ஏன் மாமா, மொகம் இப்படிக் கறுத்துப் போச்சு?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "மொதல்ல அவன்கிட்டச் சொல்லுங்க. பொறவு என்கிட்டப் பேசுங்க" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்று வரைக்கும் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறாள், பேசுவதில்லை. அவள் செய்வது சரிதான்.

உனக்கு ஏழு வயதில் பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாற ஆரம்பித்தாய். மாலைக்கண் என்று எல்லாரும் சொன்னார்கள். வாரம் தவறாமல் ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் கொடுத்தோம். நீ ஈரலைப் பார்த்தாலே ஓடுவாய், நான் பிடித்து வைத்து ஊட்டுவேன். மதுரையில் ஒரு கண் டாக்டர் உன் விழிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்பதுதான். உன் அம்மா என் அக்கா மகள். ஆமாம் என்றேன். அவர் குறை சொல்லவில்லை, இப்படியும் வரலாம் என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. பதினான்கு வயதில் உனக்கு முழுதாகப் பார்வை போனபோது, மற்றவர்கள் உனக்காக வருத்தப்பட்டார்கள். நான் ஊர் என்ன கேட்குமோ என்று பயந்தேன். யாராவது "பையனுக்குக் கண்ணு எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "காய்ச்சல்ல போயிருச்சு" என்றுதான் சொல்வேன். உனக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்ததே இல்லை.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் படித்து, அப்புறம் காலேஜும் முடித்து நீ கோவில்பட்டி வீட்டுக்கு வந்தாய். விரலால் தடவி நீ படிக்கிற புத்தகங்கள் நான்கைந்துதான் வீட்டில் இருந்தன. மற்றதெல்லாம் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. தினமும் காலையில் ஆபீஸுக்கு வந்ததும் உனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். அது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. குச்சி அடுக்க வரும் பெண்கள், "அண்ணாச்சிக்கு எம்புட்டுப் பொறுமை பாருங்க" என்பார்கள். அப்போதே நான் விட்டுவிட்டுப் படிக்கப் பழகிவிட்டேன். விபத்துச் செய்தியை விட்டேன். உன்னைப் போன்ற ஒரு பையன் தனியாக ரயில் ஏறி டெல்லி வரை போய்ப் பரிசு வாங்கி வந்ததாக ஒரு செய்தி வந்தது, அதையும் விட்டேன். உனக்கு ஆசை வந்துவிடக் கூடாது என்று விட்டேன். எது உனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். படித்துச் சொல்கிறவன் கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மதுரைக்கு இன்டர்வியூவுக்கு உன்னைக் கூட்டிப் போனதும் நான்தான். பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடம். உன் நண்பன் முருகேசன் சொல்லி நீ அடம்பிடித்ததால் வந்தேன். சின்ன அறை, ஆறு நாற்காலி. அந்த சார் உன்னை ஒன்றில் உட்கார வைத்து, கீபோர்டில் உன் கையை எடுத்து வைத்தார். நீ ஒரு எழுத்தை அமுக்கினாய், பெட்டி அந்த எழுத்தைத் திருப்பிச் சொன்னது. இன்னொன்று அமுக்கினாய், அதையும் சொன்னது. அப்புறம் நீ உன் பெயரை அடித்தாய். அந்தப் பெட்டி உன் பெயரை ஏதோ வெள்ளைக்காரன் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டது. நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பார்வை போன பிறகு உன் முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வரும்போது பஸ்ஸில் சாத்தூர் வரை பேசிக்கொண்டே வந்தாய். "அப்பா, இனிமே நீங்க பேப்பர் படிக்கச் செரமப்பட வேண்டாம், நானே படிச்சிக்கிடுவேன்" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் திரும்பிக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். பொய். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் அருப்புக்கோட்டையிலிருந்து உன் அக்காவைக் கேட்டு ஆள் வந்திருந்தது. நல்ல குடும்பம், நம்மைவிட வசதி. நீ மதுரையில் போய் விடுதியில் தங்கி, வெள்ளைக் கம்போடு பஸ் ஸ்டாண்டில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் விசாரிப்பார்கள். விசாரித்தால் கண் எப்படிப் போனது என்று வரும், சொந்தத்தில் கட்டினது வரும், உன் அக்காவுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகள் வரை போகும். என் மண்டைக்குள் இது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தபால்காரர் மேஜையில் கடிதத்தை வைத்தார். நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். கவரைத் தடவிப் பார்த்து, "கெட்டிக் கவரா இருக்கே, மதுரைதான?" என்றாய். பிரித்தேன். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். உனக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

நான் என்ன படித்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இடம் நிறைந்துவிட்டது, வருந்துகிறோம்" என்று படித்தேன். நீ, "ஒருவாட்டி திரும்பப் படிங்கப்பா" என்றாய். திரும்பப் படித்தேன். இல்லாததைப் படிக்கிறவனுக்கு முதல் தடவை என்ன சொன்னோம் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? இரண்டாம் தடவை "அடுத்த ஆண்டு முயற்சி செய்யவும்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன். நீ தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாய். நீ கவனித்துவிட்டாய் என்று நினைத்து அவசரமாகக் கடிதத்தை மடித்தேன். ஆனால் நீ ஒன்றும் கேட்கவில்லை. அப்பா படிப்பதில் தப்பு இருக்கும் என்று உனக்கு அப்போது தோன்றியிருக்காது.

அருப்புக்கோட்டைக்காரர்கள் பெண் பார்க்க வருகிற வாரம் உன்னைப் புதூருக்கு உன் மாமா வீட்டுக்கு அனுப்பினேன். உளுந்து எடுக்கிறார்கள், மாமாவுக்குத் துணையாக இரு என்று சொன்னேன். கண் தெரியாதவன் உளுந்து எடுப்பில் யாருக்கு என்ன துணை? நீ கேட்கவில்லை. இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்தாய். நீ போனதும் உன் பிரெய்ல் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் குச்சி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டேன். பையன் வெளியூரில் இருக்கிறான் என்று வந்தவர்களிடம் சொன்னேன். கல்யாணத்தன்றும் உன்னை அவர்கள் கண்ணில் காட்டவில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோதுதான் உன் அத்தான் உன்னைப் பார்த்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிரிக்கெட் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதையா மாமா மறைச்சீய? நான் பொண்ணைத்தான பாக்க வந்தேன்" என்றார். அத்தோடு விட்டுவிட்டார். எதற்காக உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனோ, அந்தக் காரணமே வெறும் காற்றாகப் போய்விட்டது.

அக்கா கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் அனுப்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை எடுப்பது? எட்டு வருஷம் நீ என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்தாய். "ஹலோ" என்ற ஒரு சொல்லில் ஆள் யார் என்று சொல்லிவிடுவாய். வெளியூர் வியாபாரிகள் உன்னைப் பாராட்டும்போது, நான் என் மகனை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறேன் என்று மார்தட்டிக்கொள்வேன். இதை அடிக்கும்போது கை கூசுகிறது.

அப்புறம் முருகேசன் வந்தான். மதுரையில் பேங்க் வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு. தனியாகவே பஸ் ஏறி, கம்பைத் தட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தான். "ஸ்கிரீன் ரீடர் அண்ணாச்சி. திரையில இருக்கதப் படிச்சுச் சொல்லும். காசு கிடையாது" என்றான். சும்மா எவன் கொடுப்பான் என்று கேட்டேன். வியாபாரி வாயில் வேறென்ன வரும்? அவன் சிரித்தான். "கண்ணு தெரியாதவங்களே எழுதினது. முந்தி வந்ததெல்லாம் கம்ப்யூட்டர் வெலையைவிட ஜாஸ்தி. நம்ம மாதிரி ஆளுக எங்க வாங்க? அதான் அவிய எழுதிச் சும்மாவே குடுக்காவ" என்றான். லேபிள் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். அவன் வாத்தியார் இல்லை, பெரிய ஆளும் இல்லை. உனக்கு நான் எட்டு வருஷத்தில் செய்யாததை அரை நாளில் செய்துவிட்டுப் போனான்.

அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவே இல்லை. மூக்கடைத்த ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. யாராவது ஆபீஸுக்குள் வந்தால், "ஏலே, அதை நிறுத்து, ஆள் வாரான்" என்று அதட்டுவேன். அதை நிறுத்தினால் உனக்கு அந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் போகும்வரை காத்திருப்பாய். கொஞ்ச நாளில் வேகத்தைக் கூட்டி வைத்தாய். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, உனக்கு எல்லாம் புரியும். கரண்ட் மிச்சம் என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டே வேலை பார்த்தாய். பாண்டியம்மா, "அண்ணாச்சி, நாங் கண்ணால படிக்கதவிட இவுக காதால வெரசாப் படிக்காக" என்றாள். நான் கேட்காதது மாதிரி குச்சி அடுக்கும் மிஷினைப் பார்க்கப் போய்விட்டேன்.

லேபிள் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தோம். அதில் வைக்கிற அச்சுக் காகிதத்தை எழுத்தாக மாற்றும் வழியும் இருக்கிறது என்று முருகேசன் போனில் சொன்னான். அதையும் ஏற்றிக்கொண்டாய். அன்றிலிருந்து கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் எடுத்து வைத்துப் படிக்கச் சொன்னாய். மருந்துச் சீட்டு, மின்சார ஆபீஸ் நோட்டீஸ், பழைய காலண்டர் அட்டை எதையும் விடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வராமல், பீரோவில் பழைய லேபிள் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். வைத்ததை மறந்தும் போனேன். ஒரு மத்தியானம் நீ அந்தக் கட்டைத் தடவி, லேபிள் அல்லாத ஒரு தாளை உருவினாய். நான் அப்போது எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அன்று வேகத்தைக் குறைத்து வைத்திருந்தாய். அந்த மூக்கடைத்த குரல் முதலில் உன் பெயரைச் சொன்னது. பிறகு நம் ஆபீஸ் விலாசத்தைச் சொன்னது. பிறகு, உங்களைத் தேர்வு செய்திருப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம் என்று இங்கிலீஷில் சொன்னது. சேர வேண்டிய நாளைச் சொன்னது. டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. நீ கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி, அதைத் திரும்பப் படிக்கச் சொன்னாய். இரண்டு தடவையும் அது ஒரே மாதிரி படித்தது.

அப்போதாவது நான் உன் கையைப் பிடித்திருக்கலாம். "அது ஓசிச் சாமான்லே, கண்டதையும் சேத்துப் படிக்கும்" என்றேன். நீ என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இல்லப்பா. அதுக்குப் படிக்க மட்டுந்தான் தெரியும்" என்றாய். கடிதத்தின் கடைசியில் அந்த மிஷின் கோடு, புள்ளி, கோடு என்று என்னமோ உளறிவிட்டு நின்றது. "கீழ என்னமோ இருக்கேப்பா, அதுக்குப் படிக்க வரல. என்ன அது?" என்று கேட்டாய். அச்சு எழுத்தைத்தான் அது படிக்கும், பேனாவால் எழுதினது அதற்குத் தெரியாது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ரப்பர் ஸ்டாம்புலே" என்றேன்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும், அதே மேஜையில், அதே கடிதத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் இன்னொரு பொய் சொன்னேன். முதல் பொய்க்காவது பயம் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு ஒரு காரணமும் இல்லை, மானம் போகிறதே என்கிற ஒன்றைத் தவிர. நீ தாளை எடுத்து என் பக்கம் நீட்டி, "பத்திரமா வையுங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். இரண்டு மாதத்தில் சென்னையில் வேலை தேடிக்கொண்டாய். ரயில்வே ஸ்டேஷனில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நீ கேட்கவே இல்லை. இந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்லே" என்பதோடு நாம் முடித்துக்கொள்கிறோம்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ புதூரில் இருந்த அந்த வாரம், ஆபீஸ் போன் அடித்தது. நீ இல்லாததால் நான் எடுத்தேன். மதுரை சார் பேசினார். "தம்பி ஏன் இன்னும் வரலை? உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டார். நான், "அவனுக்கு இஷ்டமில்ல சார். வீட்டோடயே இருந்துக்கிடுதேன்னு சொல்லுதான்" என்றேன். அவர் நம்பவில்லை. "அவனேவா சொன்னான்?" என்றார். "ஆமா சார், அவனேதான்" என்றேன். "சரி, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். ஆக, அவர் கேட்டார், ஐயா. கேட்டவரிடம் நான் இப்படிச் சொன்னேன். நீ அவரை மறந்துபோன மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் உன்னை இஷ்டமில்லாத பையன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவன் நான்.

உன் அக்கா கல்யாணத்துக்கு உன்னை மறைத்தேன். உன் கல்யாணத்துக்கு என்னை மறைத்துக்கொண்டு மேடையில் நிற்க முடியாது. வர வேண்டாம் என்று நீ சொன்னாலும் எனக்கு அது சரிதான், உன் அம்மாவை மட்டும் ரயில் ஏற்றிவிடுகிறேன். வரலாம் என்று சொன்னால், அந்த சாருக்கு வைக்க வேண்டிய பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுத்து, அன்று போனில் சொன்னது பொய் என்று அவர் வீட்டு வாசலில் நின்று சொல்கிறேன். நீ கூட வந்தாலும் வா. உன் எதிரிலேயே சொல்கிறேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் இரண்டு சொல்கிறேன். உனக்கு வரப்போகிற பெண்ணுக்குக் கண் தெரியும். நல்ல பெண், உன் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்கும் கண் தெரிந்துதான் இருந்தது. அன்பு இருக்கிறது என்பதற்காக உன் கடிதத்தை, உன் காகிதத்தை அவள் கையில் ஒப்படைத்துவிடாதே. நீயே படி. முடியாததை மட்டும் அவளிடம் கேள், அதையும் ஒரு வரி விடாமல் படிக்கச் சொல். அவள் கோபித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், டாக்டரிடம் நானும் உன் அம்மாவும் சொந்தம் என்பதை மறைக்காமல் சொல். காய்ச்சல் என்று சொல்லாதே. அந்தக் காய்ச்சல் உனக்கு வந்ததல்ல, எனக்கு வந்தது.

அந்தக் கடிதம் இப்போது என் எதிரில் இருக்கிறது. மடித்த இடம் மஞ்சளாகிவிட்டது. அச்சடித்த பகுதியை நீ ஏற்கெனவே கேட்டுவிட்டாய். அதற்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பு எதுவும் இல்லை. நீல மையில், தமிழில், அந்த சார் தன் கையால் நான்கு வரி எழுதியிருக்கிறார். பாண்டியம்மாவைக் கூப்பிடாமல், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நானே அடிக்கிறேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. கேள்.

"தம்பி, அன்று நீ கீபோர்டை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல்தான் எழுந்தாய், அப்போதே உன் பெயரை எழுதிவிட்டேன்.

வர முடியாதபடி வீட்டில் ஏதாவது தடை இருந்தால் எனக்கு ஒரு வரி எழுது.

நானே கோவில்பட்டிக்கு வந்து உன் அப்பாவிடம் பேசுகிறேன், அவர் நல்ல மனிதராகத் தெரிகிறார்.

நீ வராமல் அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

ஐயா, இதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுப் பார். இந்தத் தடவையும் இதேதான் இருக்கும்.

அப்பா